மூன்றாவது பொத்தான்

செவ்வாயில் உள்ள செங்காட்டுக் குடியிருப்பின் உணவுக்கூட வரிசையில் நின்றிருந்த ஓர் இளைஞன், முன்னால் நின்றவளை மரியாதையான தூரத்திலிருந்து கூப்பிட்டான்.

"ஏங்க, எனக்கு உங்க மேல காதல் வந்திருக்கு. உங்களுக்கு?"

அவள் திரும்பி அவனை நன்றாகப் பார்த்தாள். கொஞ்சம் யோசிக்கவும் செய்தாள். "இல்லீங்க, வரல."

"சரிங்க. அந்த உப்பு டப்பாவைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

அவள் தள்ளினாள். அவன் தன் பாசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கினான். பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வடக்குக் குவிமாடத்தில் தண்ணீர் பங்கீடு குறைந்து போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். கூடத்தில் இருந்த யாரும் அவர்களைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?

பக்கத்து மேசையில் இருந்த கமலவேணி மட்டும் கையில் எடுத்த கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானே விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டான், இல்லையென்றாள், உப்பு வாங்கிக்கொண்டான். காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த காதல் வேறு ரகம். அதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செங்காட்டில் பிறக்கிற எல்லாருக்கும் இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், கடுகளவு கருவி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். மறுப்புமணி என்று அதற்குப் பெயர். காதலைச் சொல்லி இல்லையென்ற பதிலை வாங்கிக்கொண்டவர், அதே ஆளிடம் அதே பேச்சை மறுபடி எடுத்தால், அவர் தலைக்குள் மட்டும் அந்த மணி அடிக்கும். நேராகக் கேட்டாலும் அடிக்கும், ஜாடையாகக் கேட்டாலும் அடிக்கும், வழியில் காத்து நின்றாலும் அடிக்கும். பல் கூசும் சத்தம் என்று சொல்வார்கள். இப்போது உயிரோடு இருப்பவர்களில் அதைக் கேட்டவர் யாரும் இல்லாததால், சொல்வார்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. மணி அடிக்காத வரையில் நாம் நல்லவர்கள் என்ற நம்பிக்கையோடு செங்காட்டு மக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கமலவேணி குடியிருப்பின் ஆவணக் காப்பகத்தில் மீட்பாளராக இருந்தாள். பூமியிலிருந்து வந்த பழைய படங்களில் அழிந்தது போக மிஞ்சியதைத் துடைத்து, ஒட்டி, நிறம் கொடுத்து, பார்க்கும்படியாக ஆக்குவது அவள் வேலை. குடியிருப்பின் நூற்றாண்டு விழாவில் பூமித் தமிழ்ப் படம் ஒன்றைத் திரையிட வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தபோது, காப்பகத்தில் முழுதாகக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். 'அரியர் வெச்ச காதல்' என்ற கல்லூரிக் காதல் நகைச்சுவைப் படம்.

அதுவும் ஒழுங்கான பிரதி இல்லை. எவனோ ஒரு புண்ணியவான் தியேட்டரில் உட்கார்ந்து கைப்பேசியில் திருட்டுத்தனமாக எடுத்தது. படத்தோடு சேர்த்து அங்கே இருந்தவர்களின் சிரிப்பும் விசிலும் கைதட்டலும் பதிவாகியிருந்தன. நடு நடுவே ஒரு கறுத்த தலை திரையின் குறுக்கே போனது. விழாக் குழுவில் ஒருவர் அந்தத் தலையின் உட்பொருளைப் பற்றித் தனியாக ஓர் உரையே நிகழ்த்தினார். யாரோ அவசரத்துக்கு எழுந்து வெளியே போயிருப்பார்கள் என்பதற்கு மேல் கமலவேணிக்கு அதில் ஒன்றும் புலப்படவில்லை.

படத்தின் கதை இதுதான். ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே எல்லாப் பாடத்திலும் தோற்றுப்போய் அரியர் வைத்திருக்கும் ஜெகன், புதிதாகச் சேர்ந்த வினிதாவைப் பார்க்கிறான். காதலைச் சொல்கிறான். எனக்கு இஷ்டமில்லை என்கிறாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய படம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அவள் போகிற பேருந்தில் தொங்கிக்கொண்டு வருகிறான். அவள் தோழிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் தூது அனுப்புகிறான். விடுதிச் சுவரில் அவள் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதி வைக்கிறான். கேன்டீனில் வகுப்பையே கூட்டி வைத்து அவளைச் சுற்றி நின்று பாடுகிறான். அவள் அம்மாவிடம் போய் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிறான். ஒவ்வொரு முறையும் அவள் வேண்டாம் என்கிறாள். ஒவ்வொரு வேண்டாமுக்கும் தியேட்டர் சிரிக்கிறது. கடைசியில் அவன் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று குதிக்கப் போவதாக மிரட்டுகிறான். படிப்பே வேண்டாமென்று அவள் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிப் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். அங்கேயும் வந்துவிடுகிறான். அவள் "சரி" என்கிறாள். தியேட்டரின் கூரை பெயர்ந்துவிடும் போலக் கைதட்டல்.

கமலவேணி மாதக்கணக்கில் வினிதாவின் முகத்தோடு வாழ்ந்தவள். கைப்பேசி நடுங்கியதால் கலங்கிப்போன அந்த முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தெளிவாக்கியவள். சரி என்று சொல்கிற இடத்தில் அந்த முகத்தில் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. நடித்தவள் அவ்வளவு நல்ல நடிகையா, அல்லது அன்றைக்கு நிஜமாகவே ஓய்ந்து போயிருந்தாளா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும், அதைப் பார்த்து முன்னூறு பேர் கை தட்டினார்கள் என்பதைக் கமலவேணியால் பொறுக்க முடியவில்லை.

திரையிடுவதற்கு முன்பு எந்தப் படத்தையும் இன்ன வகை என்று முத்திரை குத்த வேண்டும். அதைச் செய்வது வகையறி என்ற இயந்திரம். அது படத்தைப் பார்ப்பதோடு ஒலியையும் கேட்கும். 'சிரிப்பொலி மிகுதி. வகை: காதல் நகைச்சுவை. குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று அது ஒரே மூச்சில் எழுதிவிட்டது. ஆனால் மீட்பாளர் ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினால்தான் முத்திரை செல்லும். முத்திரை இல்லாமல் திரையிட முடியாது.

விழாக் குழுத் தலைவர் தணிகைநாதன் ஒப்புதல் பலகையை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். பலகையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'சரி' என்றும் இன்னொன்றில் 'பிறகு' என்றும் எழுதியிருந்தது. 'பிறகு' யார் அழுத்தினாலும் செல்லும், 'சரி' மீட்பாளரின் விரலுக்கு மட்டும்தான் செல்லும். கமலவேணி பலகையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"வேண்டாம்னு ஒரு பொத்தான் இல்லையே, சார்."

"இதுவரைக்கும் யாரும் வேண்டாம்னு சொன்னதில்லைம்மா. அதனால வைக்கல."

"நான் சொல்றேன். இது நகைச்சுவை கிடையாது. ஒருத்தியை ஒருத்தன் ஓட ஓட விரட்டுறான். திகில் படம்னு மாத்துங்க, இப்பவே அழுத்தறேன்."

தணிகைநாதன் பொறுமையாகப் புன்னகைத்தார். "முன்னோர்கள் சிரிச்சிருக்காங்களேம்மா. எங்கெங்க சிரிக்கணும்னு நமக்காகப் பதிவு பண்ணி வெச்சுட்டே போயிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"அவங்க சிரிச்சா அவளுக்கும் அது சிரிப்பா, சார்? அவ மூஞ்சியைப் பாருங்க. வேண்டாம்னு சொன்னதுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?"

"அப்ப பிறகுன்னே வெச்சுப்போம்" என்று சொல்லி, அவரே இரண்டாவது பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் பக்கத்து மேசைத் தோழி ரஞ்சிதம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கையில் விழாவுக்கான முன்வரிசைச் சீட்டு இரண்டும் அந்த ஒப்புதல் பலகையும் இருந்தன.

"வேணி, ஒரு பொத்தான்தானேடி."

"உனக்கு யாரு குடுத்தா இந்தச் சீட்டு?"

"தலைவர்தான். சும்மா குடுத்தாரு. நீ ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறியாம், கொஞ்சம் எடுத்துச் சொல்லுன்னாரு. பாவம்டி அவரு."

கமலவேணி வேண்டாம் என்றாள். ரஞ்சிதம் போகும்போது பலகையில் 'பிறகு' என்பதை அழுத்தி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே குவிமாட வாசலில், விசிலும் கைதட்டலும் நிறைந்த முன்னோட்ட ஒலியோடு விழா அறிவிப்பு ஒளிரத் தொடங்கியது. தணிகைநாதன் பெயருக்கு அடுத்து, அதே அளவு எழுத்தில், 'மீட்பும் ஒப்புதலும்: கமலவேணி' என்று இருந்தது. கொடுக்காத ஒப்புதலை வாசலில் எழுதிவைத்த துணிச்சலைப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழிக்கச் சொன்னாள். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள், ஒளிரும் எழுத்துக்கு ஏது அச்சு என்று கேட்காமல் விட்டது அவள் தப்புதான்.

பிறகு ஒரு மதியம் அவள் கஞ்சித் தட்டோடு உட்கார்ந்தபோது, உணவுக்கூடமே எழுந்து நின்று அவளைப் பார்த்து வாழ்த்துப் பாட்டு ஒன்றைப் பாடியது. விழாக் குழு சொல்லிக் கொடுத்த பாட்டு. அவள் பெயர் அதில் நாலு இடத்தில் வந்தது. ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தாள். "வெக்கப்படுறாங்க பாரு" என்று பின்னால் யாரோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று நினைவுக்கு வந்தபோது அவள் நடு வழியில் நின்றுவிட்டாள்.

அன்று மாலை கிழக்குக் குவிமாடத்திலிருந்து அம்மா அழைத்தாள்.

"வேணி, உங்க தலைவர் வீட்டுக்கு வந்திருந்தாரு. என்ன தன்மையான மனுஷன். உன்னைப் பத்தி அவ்வளவு உசத்தியா சொன்னாரு."

"அவர் ஏம்மா உன்னைப் பார்க்க வரணும்?"

"நீ கேக்க மாட்டேங்கிறேன்னுதான். உன் நல்லதுக்குத்தானே சொல்றாரு கண்ணு. அழுத்திட்டுப் போயேன். உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

அவளுக்குக் குறையப்போவது என்ன என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? முன்னூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி வேண்டாம் வேண்டாம் என்று கரடியாகக் கத்தியிருக்கிறாள். ஒருவர் காதிலும் அது விழவில்லை. இன்றைக்கு அதைக் கேட்டவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் சிரிப்புப் படம்தான் என்று அழுத்திவிட்டால், வினிதா சொன்ன வேண்டாம் எல்லாமே வேடிக்கைக்குச் சொன்னதாகிவிடும். இனி வரும் பிள்ளைகள் அந்த இடங்களில் சிரிக்கப் பழகிக்கொள்வார்கள். இதைச் சொன்னால் அம்மா, நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்பாள். கமலவேணி அழைப்பைத் துண்டித்தாள்.

வெளியே புழுதிப் புயல் அடித்த ஒரு நாள், காப்பகத்தின் காற்றடைப்பு வாசலில் தணிகைநாதன் கவச உடையோடு நின்றுகொண்டிருந்தார். உடையெல்லாம் சிவப்புத் தூசி. காலையிலிருந்து நிற்கிறாராம். கமலவேணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? என் தோழியைத் தூது விட்டீங்க. ஊர் பார்க்க என் பேரை எழுதி வெச்சீங்க. கூட்டம் சேர்த்துப் பாட்டுப் பாட வெச்சீங்க. எங்க அம்மாகிட்ட போனீங்க. இப்ப வாசல்ல வந்து நிக்கிறீங்க. படத்துல அந்த ஜெகன் செஞ்சதை ஒண்ணு விடாம செஞ்சுட்டீங்க."

தணிகைநாதன் நிஜமாகவே அதிர்ந்து போனார். பதறிப்போய்க் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க. அது காதல். இது விழா வேலை. நான் தப்புப் பண்ணியிருந்தா மணி அடிச்சிருக்குமே. எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒரு விஷயத்தில் மட்டும் இன்னொருவரின் மறுப்பை மதிக்கக் கற்றுக்கொண்டு, அதையும் தாங்கள் கற்காமல் ஒரு கடுகுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் பழைய மாதிரியே இருந்துகொண்டு, இந்த ஜனங்கள் தங்களை நாகரிகமானவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கமலவேணி நேராகக் குவிமாடக் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டாள்.

"உங்களைக் காதலிக்கிறதா ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"அப்ப சட்டத்துல இடமில்லீங்க." அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுலயும் எல்லாரும் அந்தப் படத்துக்காக ஆசையாக் காத்திட்டிருக்காங்க. ஒரு பொத்தான்தானே, அழுத்திடுங்களேன்."

விழா நெருங்கியது. தணிகைநாதன் குவிமாட வாசலில், ஒளிரும் அந்த அறிவிப்புக்குக் கீழேயே, ஒரு விரிப்பைப் போட்டு உட்கார்ந்து உண்ணாவிரதம் தொடங்கினார். பூமியிலிருந்து என்னென்னவோ கொண்டுவர முடியாமல் போயிற்று, உண்ணாவிரதம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, என் மனச்சாட்சிக்காக இருக்கிறேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கமலவேணியின் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்கள். கடையில் அவளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்கள். ரஞ்சிதம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். "அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று அம்மா அழுதாள்.

கமலவேணி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வடக்குக் குவிமாடத்துக்குக் கிளம்பினாள். விழா முடிகிற வரை அங்கே யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஊர்தி நிலையத்தில் பெட்டியோடு நின்றாள். வண்டி தாமதம். முந்தின இரண்டு இரவும் தூங்காததில் கண் எரிந்தது.

அங்கேயும் வந்துவிட்டார்கள். தணிகைநாதனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தார்கள். பின்னால் ரஞ்சிதம், விழாக் குழு, உணவுக்கூடத்தில் பாடியவர்கள், படம் பிடிக்கிறவர். ஒருவர் தூக்கிப் பிடித்த திரையில் அம்மாவின் முகம். கூட்டம் அவளைச் சுற்றி நின்றுகொண்டது. தணிகைநாதன் வறண்ட உதட்டோடு புன்னகைத்துப் பலகையை நீட்டினார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை கேக்கறேம்மா."

கமலவேணி பலகையைப் பார்த்தாள். சரி, பிறகு. எத்தனை பிறகு அழுத்தியாகிவிட்டது. பிறகு என்றால் வடக்குக் குவிமாடத்துக்கும் வருவார்கள். அவளுக்குக் கால் வலித்தது. எங்கேயாவது போய்ப் படுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"சரி, குடுங்க" என்றாள்.

பொத்தானை அழுத்தியதும் நிலையமே அதிரக் கைதட்டல். அம்மா திரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். யாரோ ஒருவன் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக விசில் அடித்தான். செங்காட்டில் அதுவரை யாருக்கும் விசில் அடிக்கத் தெரியாது. படத்தின் முன்னோட்டத்தைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். தணிகைநாதனுக்கு யாரோ பழச்சாறு கொடுத்தார்கள். வண்டியில் ஏறும்போது கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைக் கமலவேணி பார்த்தாள். மாதக்கணக்கில் அவள் துடைத்த முகம்தான் அது.

வண்டியில் அவளைத் தவிர ஓட்டுநர் ஒருவர்தான் இருந்தார். குவிமாடத்தைத் தாண்டிச் செம்மண் வெளியில் இறங்கியதும், அவள் பையில் இருந்த காப்பகப் பலகை மெல்ல ஒலித்தது. விழாக் குழு எடுத்த படங்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. உணவுக்கூடப் பாட்டு, காற்றடைப்பு வாசல், உண்ணாவிரதம், ஊர்தி நிலையம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்திருந்தார்கள். வகையறி வழக்கமான சுறுசுறுப்போடு பார்த்து முடித்திருந்தது.

'ஒருவர் கேட்கிறார். மற்றவர் பல முறை மறுக்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். முடிவில் சம்மதம், கைதட்டல். முன்மாதிரி: அரியர் வெச்ச காதல். வகை: காதல் நகைச்சுவை. குடும்பத்தோடு பார்க்கலாம். இதில் தோன்றுபவர் என்ற முறையில் தங்கள் ஒப்புதல் தேவை.'

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன.

"வேண்டாம்" என்று கமலவேணி பலகையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"நன்றி. பிறகு கேட்கிறேன்" என்றது வகையறி.

அவள் பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அடுத்த மேட்டில் ஏறுவதற்குள் அது மறுபடி ஒலித்தது. மேட்டை விட்டு இறங்கும்போதும் ஒலித்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார்.

"சரின்னு அழுத்திடுங்கம்மா, அப்பத்தான் விடும். நாங்கல்லாம் என்ன கேக்குதுன்னே படிக்கிறதில்ல."